கிளாசுக்கு ஒரு சொக்காய்

1958ஆம் ஆண்டு ஆகஸ்டு 18, திங்கட்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, உத்திரமேரூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த காப்பி கிளப்பில் பதினான்கு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். பதின்மூன்று பேருக்குக் கை சுடவில்லை. சுட்டுக்கொண்டவர் பெயர் வேதாசலம்.

வேதாசலம், கிராம சௌகரிய இலாகாவின் அதிகாரி. ஜனங்களுக்கு உள்ள அசௌகரியங்களைக் கண்டுபிடித்து மேலே எழுதி அனுப்புவது அந்த இலாகாவின் வேலை. அசௌகரியம் அகப்படாத மாதங்களில் இலாகாவே ஒன்றை ஏற்பாடு செய்துகொள்ளும் என்று ஊரில் ஓர் அவதூறு உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. அகப்படாத மாதம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

அன்று அவர் மாறுவேடத்தில் வந்திருந்தார். கிளப்பில் காலனி ஜனங்களை உள்ளே விடுவதில்லை, அவர்களுக்குத் தனிக் கிளாஸ் வைத்திருக்கிறார்கள் என்று புகார் போயிருந்தது. புகார் உண்மைதான். உள்ளே இரண்டு பெஞ்சுகள். அவற்றில் உட்காருகிறவர்களுக்குப் பித்தளை டபராவும் டம்ளரும். பக்கவாட்டுச் சுவரில் ஒரு ஜன்னல்; அதற்கு வெளியே சாக்கடையை ஒட்டி நிற்கிறவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். டபரா கிடையாது. குடித்தவர்கள் கிளாஸைத் தாங்களே கழுவி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். இந்த விதி எங்கும் எழுதி ஒட்டப்படவில்லை. அதனால்தான் யாரும் மீறவில்லை.

அதிகாரி வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, தலையில் துண்டைச் சுற்றி, கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்து, ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். பக்கத்தில் நின்றவன் இருசப்பன். ஏரிக்கரைக் காலனி, கூலி வேலை. கிளாஸ் வந்ததும் இருசப்பன் தோள் துண்டின் முனையால் அதைப் பற்றிக்கொண்டான். அதிகாரி மேஜைமேல் இருக்கும் பேப்பர் வெயிட்டைப் பிடிப்பதுபோல் முழுக் கையாலும் பிடித்தார்.

கிளாஸ் சுவரில் பட்டு உடைந்தது. கிளப் சொந்தக்காரர் பஞ்சாட்சரம் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"எவன்டா அவன்? அது உன் கையா, வாடகைக்கு எடுத்தாந்ததா?"

"நான் யார் தெரியுமா?"

"தெரிஞ்சா மட்டும் கிளாசு ஒட்டிக்குமா?"

அதிகாரி தலைத் துண்டை அவிழ்த்தார். பஞ்சாட்சரத்துக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த நிமிடம் அதிகாரி உள்ளே பெஞ்சில் இருந்தார். விரல்களில் வெண்ணெய் தடவியிருந்தது. எதிரே டபராவில் புதுக் காப்பி இருந்தது. அதுவரை புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்த குமாஸ்தா கோபால் பேனாவுடன் வந்து சேர்ந்தார். விசாரணை தொடங்கியது. சாட்சியாக இருசப்பன் அழைக்கப்பட்டான். அதிகாரி உள்ளே உட்கார்ந்து கேட்டார். சாட்சி வெளியே நின்று, ஜன்னல் கம்பி வழியாகப் பதில் சொன்னான்.

"உனக்கு என்னப்பா குறை?"

"உள்ள வந்து குந்திக்கினு குடிக்கணும் சார். அதுக்குச் சட்டம் வந்து மூணு வருசமாச்சாமே?"

"அது கொள்கை. நான் குறையைக் கேட்கிறேன். கிளாஸ் சுடுகிறதா, இல்லையா?"

"சுடுது சார். ஆனா..."

"சுடுகிறது என்று எழுதும், கோபால்."

"ஆனா நான் இன்னா சொல்றேன்னா சார்..."

"'ஆனா'வை எழுத வேண்டாம், கோபால்."

இருசப்பன் சொல்ல வந்தது இதுதான். சித்திரை மாதம் நெல் லாரியில் மூட்டை இறக்குகிறவனாகச் சென்னைக்குப் போயிருந்தான். அங்கே ஓர் ஓட்டலில், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்காமல் அவனைப் பெஞ்சில் உட்காரவைத்து டபராவில் காப்பி கொடுத்துவிட்டார்கள். டம்ளரிலிருந்து டபராவுக்கும் டபராவிலிருந்து டம்ளருக்கும் ஆற்றி ஆற்றி, அரைமணி நேரம் குடித்தான். ஊருக்கு வந்து பெண்டாட்டி செங்கேணியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை.

"கனாவுல குந்தியிருப்ப."

"நெசமாத்தாம்மே. நீ வேணா பாரு, இந்த ஊர்லயே பஞ்சாட்சரம் கிளப்புல உன்னியப் பக்கத்துல குந்த வச்சிக்கினு குடிக்கல, என் பேரு இருசப்பன் இல்ல."

"வேற இன்னா பேரு வச்சிக்கப்போற, அத்தயும் இப்பவே சொல்லிடு" என்றாள் செங்கேணி. அன்றிலிருந்து வீட்டில் அவனுக்குப் பெயர் பெஞ்சுக்காரர்.

அதிகாரியின் அறிக்கை இருபத்தொரு பக்கம். அதில் காப்பிப் பாத்திரம் பிடிக்கும் முறையின் வரலாறு ஓர் அத்தியாயமாக இடம்பெற்றிருந்தது. ஆதியில் காலனி ஜனங்களுக்குக் கொட்டாங்கச்சியில் ஊற்றப்பட்டது, கொட்டாங்கச்சி சுடாது. பின்னர் நாகரிகம் வளர்ந்து கண்ணாடிக் கிளாஸ் வந்தது. கூடவே சூடும் வந்தது. ஆகவே, ஜன்னலுக்கு வெளியே நிலவும் துன்பத்துக்குக் காரணம் நாகரிகமே அன்றி வேறு எவரும் அல்லர். உள்ளே இருப்பவர்களுக்கு டபரா உண்டு, வெளியே இருப்பவர்களுக்கு இல்லை. இந்த ஏற்றத்தாழ்வை நீக்க இலாகா கடமைப்பட்டுள்ளது. தீர்வு: வெளியே நின்று அருந்துவோர் ஒவ்வொருவருக்கும் பனையோலையில் முடைந்த ஓர் உறை, கிளாஸை அதற்குள் இறக்கிப் பிடித்துக்கொண்டால் கை சுடாது.

உள்ளே விடுவது பற்றி அறிக்கையில் ஒரு வரியும் இருந்தது. "கை சுடாதபோது உள்ளே வரவேண்டிய அவசியம் எழாது."

இருபத்தொரு பக்கத்தையும் மேலே யாரும் படிக்கவில்லை. எனவே திட்டம் உடனே அனுமதிக்கப்பட்டது.

உறை நன்றாகத்தான் இருந்தது. பச்சையும் சிவப்புமாகச் சாயம் தோய்த்த ஓலை, விளிம்பில் பின்னல், நடுவில் இலாகாவின் முத்திரை: உதிக்கும் சூரியனை இரண்டு கைகள் தாங்கிப் பிடிக்கும் படம். சூரியனைப் பிடித்த கை சுடாதா என்று யாரும் கேட்கவில்லை. தை மாதம் வினியோக விழா நடந்தது. வேதாசலம் பேசினார்.

"ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வூர் மக்கள் ஓலையைக் குடத்துக்குள் போட்டுத் தேர்தல் நடத்தினார்கள். உலகம் வியந்தது. இன்று நாம் கிளாஸை ஓலைக்குள் போடுகிறோம். உலகம் என்ன செய்யப்போகிறது என்று பார்ப்போம்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இருசப்பனுக்கு முதல் உறை வழங்கப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுபோனான். செங்கேணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிளாசுக்குச் சொக்கா தெச்சிக் குட்த்துட்டாங்க. உன் முதுகுல ஒண்ணுத்தயும் காணோம்."

"கை சுடலமே."

"காலு கடுக்குதே, அதுக்கு ஓலையில இன்னா முடையப்போறாங்களாம்?"

உலகம் என்ன செய்தது என்பது தெரியவில்லை. உத்திரமேரூர் செய்தது தெரியும். உறைக்கு மயங்கிவிட்டது.

காலனி ஆட்கள் உறையை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பார்த்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் அதேபோல் ஒன்றை வரைந்து வகுப்பில் மாட்டினார். கல்யாணப் பேச்சு ஒன்றில் மாப்பிள்ளை வீட்டார் சைக்கிளும் சர்க்கார் உறையும் கேட்டார்கள். பெண் வீட்டார் சைக்கிளுக்கு ஒப்புக்கொண்டு, உறை தங்கள் சக்திக்கு மீறியது என்று கைவிரித்தார்கள். காப்பியே குடிக்காதவர்களும் உறையைப் பற்றி அபிப்பிராயம் வைத்திருந்தார்கள்.

ஊரின் பெரிய நிலக்காரர் பச்சமுத்து. கிளப்பில் மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள இடம் அவருடையது. ஒருநாள் நடவு பார்க்கப் போனவர், வரப்பில் இருசப்பன் இடுப்பில் அதைப் பார்த்துவிட்டார். அன்று மாலையே இலாகாவுக்கு வந்தார்.

"அந்த இது ஒண்ணு குடுங்க, சார்."

"எது?"

"அதான்... கிளாசுல மாட்டிக்கினு திரியறானுங்களே, அது."

"தங்களுக்குக் கிடையாது, ஐயா. தாங்கள் உள்ளே உட்காருகிறவர். டபரா உள்ளவர். ஏற்கெனவே சௌகரியம் அடைந்தவர்."

"என் வயல்ல நாத்து நடறவனுக்கு சர்க்கார் முத்திரை; எனக்கு ஈயம் போன டபராவா? நான் கிஸ்தி கட்டறவன் சார்."

"விதி, ஐயா. வெளியே நின்று குடிப்பவர்களுக்கு மட்டும்."

பச்சமுத்து மூக்கைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"நின்னா?"

"நின்றால் விதி குறுக்கே வராது. தொடர்ந்து நிற்கிறார் என்று இருவர் சான்று தந்தால் போதும்."

மறுநாள் காலை பச்சமுத்து ஜன்னலுக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில் நின்றார். வெயிலுக்கு ஓர் ஆள் குடை பிடித்தான். காலனி ஆட்கள் தொட்ட கிளாஸ்தான் என்று பஞ்சாட்சரம் மெல்ல நினைவூட்டினார். "உறை போட்டா கிளாசு எங்க தெரியப்போவுது?" என்றார் பச்சமுத்து. தலைமுறை தலைமுறையாக எழுந்துவந்த கேள்வி அந்த வாரம் எழவில்லை. புது நாகரிகம் வரும்போது ஆசாரம் ஒதுங்கி வழிவிடும். மனிதர்கள் வரும்போதுதான் குறுக்கே நிற்கும். குடித்து முடித்து, வெளியே நிற்பவர் என்ற முறைப்படி, பச்சமுத்து தம் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பாத்திரம் கழுவினார். சரியாகக் கழுவவில்லை.

பச்சமுத்து நின்றார் என்றால் அது நாகரிகம். அரிசி மண்டிக்காரர் நின்றார். ஓய்வுபெற்ற சப்-ரிஜிஸ்திரார் நின்றார். டிராயிங் மாஸ்டர் நின்றார். யார் சாக்கடைக்கு அருகில் நிற்பது என்பதில் மரியாதைத் தகராறு வந்தது. சாக்கடை ஓரம் முதல் மரியாதை என்று பஞ்சாயத்தில் தீர்ந்தது. எல்லோருக்கும் சான்று கிடைத்தது, எல்லோருக்கும் உறை கிடைத்தது. இலாகாவின் வருட அறிக்கை, வெளியே நிற்போர் தொகை மும்மடங்காகப் பெருகியிருப்பதைத் திட்டத்தின் மாபெரும் வெற்றி என்று குறிப்பிட்டது.

உள்ளே இரண்டு பெஞ்சுகளும் காலி. மின்விசிறி யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் ஒருநாள் இருசப்பனும் செங்கேணியும் ஏற்றம் இறைத்துவிட்டுக் காப்பிக்கு வந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் நிற்க இடமில்லை.

"ஆண்டே, கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா..."

"டேய், நாங்க சர்டிபிகேட்டு வச்சிக்கினு நிக்கிறோம்டா. அப்பால போ" என்றார் பச்சமுத்து.

இருசப்பன் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "நைனா, நாங்க எங்க நிக்கிறது?"

பஞ்சாட்சரத்துக்கு இரண்டு கையும் ஓயவில்லை. முதல் மரியாதைக்காரர்கள் அத்தனை பேரையும் கவனிக்கும் பாரம் அவர் தலைமேல் இருந்தது. "இங்க கிளாசும் இல்ல, எடமும் இல்ல. பேஜார் பண்ணாத. அந்தாண்ட போ!"

ஜன்னலுக்கு அந்தாண்டை என்பது உள்ளே. இருசப்பன் செங்கேணியைப் பார்த்தான். செங்கேணி கால்மண்ணை உதறிவிட்டு உள்ளே போய், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்தாள்.

கிளாஸ் எல்லாம் வெளியே பெரிய மனிதர்கள் கையில் இருந்ததால் உள்ளே டபராதான் இருந்தது. கிளப்பில் பரிமாறுகிற ஆள் ஒரு கணம் விழித்தான். பிறகு, டபராவை வைத்திருக்கிறவர்களுக்கு ஊற்றுவதுதானே தன் வேலை என்று ஊற்றினான். செங்கேணி டம்ளரைத் தூக்கி ஆற்றினாள். நுரை வந்தது. இன்னும் ஆற்றினாள்.

"ஆறிப் போச்சுமே, குடி."

"போனா போவுட்டும். குந்திக்கினு கீறேன் இல்ல."

கடைசியில் ஒரு வாய் குடித்தாள். "இதுக்கா இத்தினி வருசம் வெளிய நின்ன? வெந்நீர்ல வெல்லம் போட்டாப்புல கீது." ஆனால் எழுந்திருக்கவில்லை. அன்றிரவு வீட்டில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

மறுநாள் காலனியிலிருந்து இன்னும் நாலு பேர் உள்ளே வந்தார்கள். அடுத்த வாரம் இரண்டு பெஞ்சும் நிறைந்தன. பஞ்சாட்சரம் கவனித்தபோது காரியம் கைமீறிவிட்டது. உள்ளே இருப்பவர்களை வெளியே அனுப்பலாம். ஆனால் அனுப்பினால் உறை நியாயமாக அவர்களுக்குத்தான், சாக்கடை ஓர முதல் மரியாதையும் அவர்களுக்குத்தான் என்று ஆகிவிடும். பச்சமுத்து அதற்கு ஒப்பவில்லை. "அவனுங்க உள்ளவே கெடக்கட்டும், நம்ம மரியாதைக்கு வரவேணாம்" என்று சொல்லிவிட்டார்.

திட்டத்தின் வெற்றியைக் கேள்விப்பட்டு, 1959 மே மாதம் இலாகாவின் மேலதிகாரி ஜீப்பில் வந்தார். வருகையை முன்கூட்டி அறிவிக்காத நேர்மையானவர். கத்திரி வெயில். சாக்கடை ஓரத்தில் வியர்வை வழிய, கண்ணாடிக் கிளாஸுடன் ஒரு கூட்டம் நிற்பதையும், உள்ளே விசிறிக் காற்றில் இன்னொரு கூட்டம் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒடுக்கப்படுகிறவர்கள் யார் என்று சட்டப் புத்தகம் தெளிவாகச் சொல்லியிருந்தது: வெளியே நிற்கிறவர்கள்.

பச்சமுத்துவின் தோளில் ஆதரவாகக் கை வைத்தார்.

"எத்தனை தலைமுறையாக இப்படி நிற்கிறீர்கள், பெரியவரே?"

"மாசியிலேர்ந்து."

"பயப்படாமல் சொல்லுங்கள்."

"நான் யாருக்குய்யா பயப்படணும்? எனக்கு அறுபது காணி நெலம் கீது!"

"எல்லோரும் முதலில் இப்படித்தான் மறைப்பார்கள்" என்று மேலதிகாரி வேதாசலத்திடம் மெல்லச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. "கிளாஸைக்கூட நீங்களேதான் கழுவ வேண்டுமாமே?"

பச்சமுத்து மூக்கைத் தடவிக்கொண்டார். உண்மையைச் சொன்னால் உறைக்காக நின்றதைச் சொல்ல வேண்டும். சப்-ரிஜிஸ்திரார் தம் உறையை வேட்டி மடிப்பில் மறைத்தார். வேதாசலம் வானத்தைப் பார்த்தார். அங்கே மேகம் ஒன்றும் இல்லை.

மேலதிகாரி உள்ளே நுழைந்தார். "இவர்களை ஏன் உள்ளே விடுவதில்லை?"

இருசப்பன் எழுந்தான். செங்கேணி எழவில்லை.

"நாங்க எங்க சார் வாணாங்கிறோம்? தாராளமா வரட்டும்." ஜன்னல் பக்கம் திரும்பி, பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டான். கையால் தட்டித் தூசி துடைத்தான். "வாங்க, ஆண்டே. இப்டிப் பக்கத்துல குந்துங்க."

 அடுப்பில் பால் பொங்கியது. பச்சமுத்து அந்த இடத்தைப் பார்த்தார். இரண்டு அடி அகலம் இருக்கும். மேலே விசிறி சுற்றியது. அவருக்கு முழங்கால் வலி உண்டு என்பது ஊருக்கே தெரியும்.

"எனக்கு நின்னு குடிச்சாத்தான் செரிக்குது" என்றார்.

"எனக்கும்" என்றார் அரிசி மண்டிக்காரர்.

"வைத்தியர் நிக்கச் சொல்லியிருக்காரு" என்றார் சப்-ரிஜிஸ்திரார்.

உள்ளே கூப்பிடுகிறார்கள், வெளியே இருப்பவர்கள் வர மறுக்கிறார்கள். இப்படி ஒரு நிலையைச் சட்டம் எதிர்பார்த்திருக்கவில்லை. மேலதிகாரி வெகுநேரம் சிந்தித்தார். உள்ளே இருப்பவர்களிடம் குற்றம் இல்லை. வெளியே இருப்பவர்களிடமும் குற்றம் இல்லை. கிளப்காரரிடமும் இல்லை, கதவு திறந்தே இருக்கிறது. அப்படியானால் இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்துவைத்திருப்பது எது? கண் கீழே இறங்கியது. கண்டுபிடித்துவிட்டார்.

"பெஞ்சு" என்றார்.

"சார்?" என்றார் கோபால்.

"ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் பெஞ்சு. சிலர் உட்காருவதால்தானே மற்றவர்கள் நிற்கிறவர்கள் ஆகிறார்கள்? அப்புறப்படுத்தும்."

ஜன்னலுக்கு வெளியே நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. பச்சமுத்து முதலில் கைதட்டினார். இருசப்பன் கோபாலைப் பார்த்தான், வேதாசலத்தைப் பார்த்தான்.

"சார், ஒரு வார்த்த. கிளாசு சுடுதுன்னேன், சொக்கா போட்டீங்க. நிக்க எடமில்லன்னு உள்ள வந்தோம். இப்ப நாங்க யாரையாவது எயுந்திருன்னு சொன்னமா?"

"உன் மேல் புகாரே இல்லையப்பா. புகார் பெஞ்சின் மேல்."

ஜீப்போடு வந்த பியூன்கள் இரண்டு பேர் முதல் பெஞ்சைத் தூக்கினார்கள். இரண்டாவதில் செங்கேணி இருந்தாள். கையில் நிறைந்த டம்ளர்.

"எழுந்திரும்மா."

"குடிச்சிட்டு எயுந்திருக்கிறேன். கையி சுடக்கூடாதுன்னுதான கவர்மெண்டு சொல்லுது?" என்று ஆற்ற ஆரம்பித்தாள்.

டம்ளரிலிருந்து டபரா, டபராவிலிருந்து டம்ளர். பியூன்கள் பெஞ்சின் இரு முனையிலும் குனிந்தபடியே காத்திருந்தார்கள். வேதாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு அதிகாரிகள், ஒரு குமாஸ்தா, ஒரு டிரைவர், ஊர்ப் பெரியவர்கள் அனைவரும் ஒரு டபராக் காப்பி ஆறும்வரை நின்றார்கள். அவள் வெல்லத் தண்ணீர் என்று சொன்ன காப்பியை அன்று சொட்டு மிச்சமில்லாமல் குடித்தாள். பிறகு எழுந்து, புடவைத் தலைப்பை உதறிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். இருசப்பன் பின்னால் போனான்.

அன்றுமுதல் உத்திரமேரூரில் சமத்துவம் நிலவியது. கிளப்பில் எல்லோரும் நின்றுகொண்டு குடித்தார்கள். பெஞ்சு போய்விட்டதால் வெளியே நிற்பதற்குத் தனி மதிப்பு இல்லாமல் போயிற்று. பெரியவர்கள் உள்ளே வந்து நின்றார்கள். உள்ளே கூட்டம் மிகுந்ததால், காலனி ஆட்களை ஜன்னல் பக்கம் நிற்கும்படி பஞ்சாட்சரம் கேட்டுக்கொண்டார். வேதாசலத்துக்கு உத்தியோக உயர்வு வந்தது. உறைகளின் சாயம் முதல் மழையில் கரைந்தது.

நாலு வருஷம் கழித்து, பயன்பாடு இல்லாத காரணத்தால் உறைத் திட்டம் முடிக்கப்பட்டது. உறை பெற்ற அனைவரும் அதை நேரில் வந்து திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று ஊரில் தண்டோரா போடப்பட்டது. 1963 அக்டோபர் 14, திங்கட்கிழமை, இலாகாவின் புதுக் கட்டடத்தில் அதற்கான வரிசை காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை நாலு மணிக்கும் நகரவில்லை. கூடத்தில் இரண்டு பெஞ்சுகள் கிடந்தன. அவற்றின் மேல் கோப்புகள் அடுக்கியிருந்ததால் பொதுமக்கள் நின்றார்கள். நாலேகால் மணிக்குச் செங்கேணி ஒரு கட்டுக் கோப்பை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, "கொஞ்சம் தள்ளிக்கம்மா" என்று பச்சமுத்து கேட்டதாகவும் அவள் தள்ளிக்கொண்டதாகவும் ஊரில் பரவிய செய்தியில் உண்மை எதுவும் இல்லை என்று இலாகா அன்று மாலையே மறுப்பு வெளியிட்டது.